காப்பி அடிப்பதும் ஒரு கலை: பிபெலும் பட்டாசு ஆர்டரும்

காப்பி என்றதும் பரீட்சை ஹாலை நினைத்துக்கொண்டவர்களும், டம்ளரில் நுரை தள்ளும் சமாச்சாரத்தை நினைத்துக்கொண்டவர்களும் மன்னிக்கவும். இது வேறு காப்பி. ஒரு எக்ஸ்எம்எல் மாறியில் இருக்கும் தகவலை இன்னொரு எக்ஸ்எம்எல் மாறிக்கு எடுத்துப் போடுகிற காப்பி. எங்கள் வகுப்பில் இந்தப் பாடம் நடந்தபோது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஒரு இடத்துல இருக்கறத இன்னொரு இடத்துல எழுதறதுக்கு ஒரு யூனிட்டாடா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், ஒரு அலுவலகத்தில் நடக்கும் வேலையில் பாதி, ஒரு தாளில் இருப்பதை இன்னொரு தாளில் எழுதுவதுதான். தப்பு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். அதனால் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் வரலாறு. பயப்படாதீர்கள், ஒரே ஒரு பத்திதான்.

ஒரு நிறுவனத்தின் வேலை ஓட்டத்தை (ஆர்டர் வந்தது, சரக்கு இருக்கிறதா பார்த்தது, பில் போட்டது, லாரியில் ஏற்றியது) கணினிக்குப் புரிகிற மாதிரி எழுத ஐபிஎம் ஒரு மொழி வைத்திருந்தது, பெயர் டபிள்யூஎஸ்எஃப்எல். மைக்ரோசாஃப்ட் வேறு ஒன்று வைத்திருந்தது, பெயர் எக்ஸ்லாங். இரண்டையும் கலந்து, பிஇஏ நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு 2002-இல் பிபெல் என்ற மொழியை வெளியிட்டார்கள். 2003-இல் 1.1 வந்தது. பிறகு ஓயாசிஸ் என்ற தர அமைப்பு அதை எடுத்துக்கொண்டு 2007 ஏப்ரலில் 2.0-ஐ அறிவித்தது. இன்று புதிதாகத் தொடங்குகிறவர்கள் பிபிஎம்என், ஜேசான் என்று போய்விட்டார்கள். ஆனாலும் ஆரக்கிள் எஸ்ஓஏ சூட் போன்றவற்றில் பிபெல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்திலும்தான்!

புத்தகத்தில் எப்போதும் கடன் விண்ணப்பம் அல்லது விமான டிக்கெட்தான் உதாரணம். நாரணாபுரத்துக்காரனுக்கு அது எதற்கு? சிவகாசியை ஒட்டிய எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பட்டாசு ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதையே எடுத்துக்கொள்வோம்.

வெளியூர்க் கடைக்காரரிடமிருந்து ஆர்டர் வருகிறது. அது ஒரு எக்ஸ்எம்எல் ஆவணம். எக்ஸ்எம்எல்லில் டேக் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், யூனிகோடுக்கு நன்றி. எனவே:

<ஆர்டர்>
  <கடை>...</கடை>
  <சரக்கு>சக்கரம்</சரக்கு>
  <அளவு>20</அளவு>
</ஆர்டர்>

இது ஒரு மாறியில் வந்து உட்காருகிறது. பில் என்பது இன்னொரு மாறி. லாரி ரசீது மூன்றாவது மாறி. பிபெலில் ஒரு மாறியிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போக 'அசைன்' என்ற செயல் இருக்கிறது. அதற்குள் ஒன்றோ பலவோ 'காப்பி'கள். ஒவ்வொரு காப்பியிலும் ஒரு 'ஃப்ரம்', ஒரு 'டூ'. எங்கிருந்து, எங்கே. அவ்வளவுதான் இலக்கணம். இடத்தைச் சுட்டிக்காட்ட எக்ஸ்பாத் என்ற முகவரி எழுதும் முறை. "ஆர்டருக்குள் போ, அதில் அளவு என்பதை எடு" என்று கதவு எண் சொல்வது போல.

இனி, இதில் எங்கெங்கே கால் இடறும் என்று பார்ப்போம்.

1. வெற்று பில் புக் வேண்டும்

பில் மாறியில் இன்னும் ஒன்றுமே இல்லை. அதில் 'பில்லுக்குள் இருக்கும் அளவு' என்ற இடத்தில் 20-ஐ எழுது என்றால் பிபெல் எழுதாது. அந்த இடமே இல்லையே! 'டூ' சுட்டுகிற இடத்தில் ஒரு கணு இருக்க வேண்டும். இல்லையென்றால் செலக்ஷன் ஃபெயிலியர் என்ற பிழை.

அச்சகத்து ஊரில் பிறந்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாட்டில் பல கடைகளின் கல்லாவில் கிடக்கும் பில் புக் எங்கள் பக்கத்து அச்சகங்களில் அடித்ததாக இருக்கும். முதலில் கட்டம் போட்ட வெற்றுத்தாள், பிறகுதான் அதில் எழுத்து. பிபெலிலும் அப்படியே. முதல் காப்பியில் 'லிட்ரல்' என்று எல்லா டேக்குகளும் காலியாக இருக்கும் ஒரு எலும்புக்கூட்டை மாறிக்குள் போடவேண்டும். அடுத்தடுத்த காப்பிகள் அந்தக் கட்டங்களை நிரப்பும்.

2. இரண்டு முகவரி இருந்தால்?

ஆர்டரில் பில் முகவரி ஒன்று, சரக்கு இறக்கும் முகவரி ஒன்று. இரண்டுக்கும் 'முகவரி' என்றே டேக். நீங்கள் 'முகவரியை எடு' என்கிறீர்கள். பிபெல் முதலாவதை எடுக்காது, இரண்டாவதையும் எடுக்காது. "எதைச் சொல்கிறாய்?" என்று பிழை எழுப்பி நின்றுவிடும். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் அதே பிழை. சரியாக ஒன்று கிடைக்க வேண்டும்.

இது தொல்லை என்று தோன்றும். எனக்கு இது மரியாதை என்று தோன்றுகிறது. ஊகம் செய்யாமல் கேட்கிற ஆள் அலுவலகத்தில் ஒருவராவது இருந்தால் எவ்வளவு சரக்கு சரியான ஊருக்குப் போகும்!

2.0-இல் இதற்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். ஃப்ரம் பக்கம் ஒன்றும் இல்லையென்றால் பிழை எழுப்பாமல் அந்தக் காப்பியை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்லலாம். வசதிதான். ஆனால் கவனியுங்கள். 'விட்டுவிட்டுப் போ' என்றால் 'காலியாக்கு' என்று அர்த்தமில்லை. டூ பக்கம் ஏற்கெனவே இருந்தது அப்படியே இருக்கும். ஒரே பில் மாறியை வைத்துக்கொண்டு சுழற்சியில் பத்து ஆர்டரைப் பார்க்கிறீர்கள். மூன்றாவது ஆர்டரில் லாரி எண் இருந்தது. நான்காவதில் இல்லை. நான்காவது பில்லில் மூன்றாவது லாரியின் எண் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதற்கு மருந்து, ஒவ்வொரு சுற்றிலும் புதிய வெற்றுத்தாளோடு தொடங்குவது. அல்லது சுழற்சிக்கு உள்ளேயே மாறியை அறிவிப்பது.

3. யாருடைய பெட்டி?

என் சித்தப்பா லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார். அவருக்குப் பெட்டி என்றால் லாரியில் ஏற்றுகிற பெரிய அட்டைப்பெட்டி. கடைக்காரருக்குப் பெட்டி என்றால் பத்து சக்கரம் இருக்கும் சின்னப் பெட்டி. இருவரும் "20 பெட்டி" என்று பேசிக்கொண்டால் என்ன ஆகும்?

எக்ஸ்எம்எல்லில் இதற்குத்தான் நேம்ஸ்பேஸ். இது லாரி ஆபீஸின் பெட்டி, அது கடையின் பெட்டி என்று குடும்பப் பெயரோடு எழுதுவது. வகுப்பில் பாதிப் பேருக்குக் காப்பி வேலை செய்யாமல் போவது இங்கேதான். ஆவணத்தில் நேம்ஸ்பேஸ் தலைப்பில் ஒரே ஒருமுறை எழுதியிருக்கும், ஒவ்வொரு டேக்கிலும் முன்னொட்டு தெரியாது. எக்ஸ்பாத் 1.0-இல் முன்னொட்டு இல்லாமல் 'பெட்டி' என்று எழுதினால், எந்தக் குடும்பத்தையும் சேராத பெட்டியைத்தான் தேடும். கண்ணெதிரே பெட்டி இருக்கும், ஒன்றுமில்லை என்று சொல்லும். முன்னொட்டைப் போடுங்கள், கிடைத்துவிடும்.

4. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை

ஒரு அசைனுக்குள் ஐந்து காப்பி. நான்காவதில் பிழை. முதல் மூன்றும் என்ன ஆகும்? பழைய நிலைக்கே போய்விடும். அசைன் முழுசாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது. பாதி எழுதிய பில் என்று ஒன்று கிடையாது. நாலாவது வரியில் தப்பு வந்தால் தாளையே கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுக்கிற கறாரான கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தப்பட்ட காப்பிகளை ஒரே அசைனில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

5. எண் வந்தது, அலகு வரவில்லை

இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

அளவு என்ற டேக்கில் எண் மட்டும் இருக்காது. அலகும் பண்புக்கூறாகக் கூடவே இருக்கலாம்:

<அளவு அலகு="குரோஸ்">40</அளவு>

பில் பக்கத்து வெற்றுத்தாளில் ஏற்கெனவே இப்படி அடித்திருக்கிறது:

<அளவு அலகு="நூறு"></அளவு>

இப்போது ஃப்ரம் பக்கம் டேக்குக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் எடுக்கச் சொன்னால், 40 மட்டும் போகும். டூ பக்கத்தின் உள்ளடக்கம் மாறும், அதன் பண்புக்கூறு மாறாது. விளைவு: 40 நூறு. ஒரு குரோஸ் 144. நாற்பது குரோஸ் என்றால் 5760. நாற்பது நூறு என்றால் 4000. நடுவில் 1760 காணாமல் போய்விட்டது. பிழைச் செய்தி இல்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை. 2.0-இல் அசைன் முடிந்ததும் மாறியை ஸ்கீமாவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லலாம். சொன்னாலும் தேறிவிடும். 40 என்பது எண்தானே? நூறு என்பதும் அனுமதித்த அலகுதானே?

இதற்குத் தீர்வு எளிது. எழுத்தை எடுக்காமல் டேக்கையே முழுசாக எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் டேக்காக இருந்தால் பண்புக்கூறுகள், உள்ளே இருக்கும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து போகும். டூ பக்கத்து டேக்கின் பெயர் மட்டும் அப்படியே நிற்கும். பெயரும் மாறவேண்டும் என்றால் அதற்குத் தனியாக ஒரு விருப்பம் இருக்கிறது.

இது கற்பனைக் கணக்கு இல்லை. என் அம்மா வீட்டிலிருந்தே காகிதக் குழாய் சுருட்டும் வேலை செய்கிறவர். கணக்கு குரோஸில். வாங்கிப் போகிற இடத்தில் (பெயர் வேண்டாம்) நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறினார்கள். நோட்டில் குரோஸ் பத்தி, கம்ப்யூட்டரில் நூறு பத்தி. எழுதியவர் எண்ணைச் சரியாகத்தான் எழுதினார். 40 என்பதை 40 என்றுதான் எழுதினார். கூலி மட்டும் நூறு கணக்கில் வந்தது. அங்கே பிபெலும் இல்லை, எக்ஸ்எம்எல்லும் இல்லை. ஆனால் நடந்தது இதே தப்பு, அட்சரம் பிசகாமல்.

அம்மா தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். தேதி, எத்தனை குரோஸ், யார் எடுத்துப்போனது. மூன்று வாரம் கழித்து அதைக் கொண்டுபோய்க் காட்டினார். பார்த்தார்கள், மறுபேச்சில்லாமல் பாக்கியைக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் இன்னொரு அக்காவுக்கும் அதே மூன்று வாரம், அதே நூறு பத்தி. அவரிடம் நோட்டு இல்லை. பழைய நோட்டும் ஆபீஸில் இல்லையாம், கம்ப்யூட்டரில் ஏற்றியதும் போட்டுவிட்டார்களாம். அவருக்கு அந்தப் பணம் வரவேயில்லை. அவர் சுருட்டிய குழாய் எப்போதோ வெடித்துக் காகிதத்தூளாகப் போயிருக்கும்.

காப்பி எடுத்தவுடன் மூலத்தைத் தூக்கிப் போடாதே என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. நானே எழுதி வைத்துக்கொண்டேன்.

6. காப்பிக்கு ஒரு தேதி உண்டு

கடைசியாக ஒன்று. பிபெலில் காப்பி என்றால் நிஜமான நகல். ஃப்ரம் பக்கத்தை அப்புறம் மாற்றினால் டூ பக்கம் மாறாது. ஒரு போட்டோ எடுத்தது போல. போட்டோ எடுத்தபிறகு நீங்கள் மீசையை எடுத்துவிட்டால் போட்டோவில் மீசை போய்விடுமா?

இது நல்லதா கெட்டதா? இடத்தைப் பொறுத்தது. எங்கள் ஊர்த் தொழில் ஆடிப்பெருக்கு பூஜையில் புது சீசனைத் தொடங்கி, தீபாவளிவரை நீளும் தொழில். ஒரு ஆர்டரின் செயல்முறை மாதக்கணக்கில் காத்திருக்கும். பிபெல் எஞ்சின் அதைத் தரவுத்தளத்தில் தூங்க வைத்துவிடும். அது தூங்குகிற நேரத்தில் உலகம் மாறும்.

நல்ல உதாரணம்: 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது பட்டாசுக்கு 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பர் 15 முதல் 18 சதவீதம். அந்த ஆண்டு தீபாவளிக்கு, அக்டோபரில், போட்ட பில்லில் 28 என்றுதான் இருக்க வேண்டும். வரி அட்டவணை மாறியதும் பழைய பில்லும் தானாக மாறினால் கணக்குத் தணிக்கையில் என்ன பதில் சொல்வது? இங்கே நகல் உறைந்து நிற்பதுதான் சரி.

எதிர் உதாரணம்: 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடி தயாரிக்கவும் விற்கவும் தடை விதித்தது. பேரியம் உப்புக்கும் தடை. தீபாவளியோ நவம்பர் 6. ஆடியில் வந்த ஒரு ஆர்டரில் 'சரவெடி, அனுமதி உண்டு' என்று அன்றைய பட்டியலிலிருந்து காப்பி எடுத்து வைத்திருந்தால், அக்டோபர் கடைசியில் விழித்தெழும் செயல்முறைக்குத் தீர்ப்பு தெரியாது. தன் கையிலிருக்கும் நகலைப் பார்த்து "அனுமதி உண்டு" என்று லாரியில் ஏற்றச் சொல்லும். இதே கதைதான் கடைக்காரரின் வெடிபொருள் உரிமத்துக்கும். உரிமம் முடியும் தேதி ஆர்டர் அன்று சரியாக இருந்திருக்கலாம். சரக்கு கிளம்பும் அன்று? இவற்றை நகலில் பார்க்கக் கூடாது. அனுப்புவதற்கு முந்தைய படியில் மூலத்திடமே மறுபடி கேட்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தை அழகாகப் பிரித்து வைத்திருக்கும் ஒரு படிவம் சித்தப்பாவின் ஆபீஸில் தினமும் அச்சாகிறது. இ-வே பில். 2018 ஏப்ரல் 1 முதல், வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இது வேண்டும். இதில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் யாருக்கு, என்ன சரக்கு, என்ன மதிப்பு என்று பில்லிலிருந்து வந்த விவரம். ஒருமுறை உருவாக்கிவிட்டால் அதைத் திருத்த முடியாது, 24 மணி நேரத்துக்குள் ரத்துதான் செய்யலாம். இரண்டாம் பகுதியில் லாரி எண். வழியில் லாரி மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். எது உறைய வேண்டும், எது மாற வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அசைன் எழுதும்போது நாமும் ஒவ்வொரு காப்பிக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டால் போதும்.

ஒரு சின்னக் குறிப்பையும் சொல்லிவிடுகிறேன், பரீட்சைக்கு உதவும். ஒரு காப்பி ஒரு கணுவைத்தான் எடுக்கும். ஆர்டரில் முப்பது வகைச் சரக்கு இருந்தால் முப்பது காப்பி எழுதிக் கையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 2.0-இல் எக்ஸ்எஸ்எல்டியை அழைக்க ஒரு செயற்கூறு இருக்கிறது. ஒரே காப்பியில் மொத்தப் பட்டியலையும் உருமாற்றித் தந்துவிடும். உருமாற்றும் விதிகளை எழுதும்போது அலகை மறந்துவிடாதீர்கள், அங்கேயும் அதே பள்ளம்தான்.

ஆக, காப்பி எழுதும்போது கேட்க வேண்டியவை நான்கு. எழுதுகிற இடம் இருக்கிறதா? எடுக்கிற பொருள் ஒன்றே ஒன்றுதானா? அதன் அலகும் குடும்பப் பெயரும் கூடவே வருகிறதா? நாளைக்கு மூலம் மாறினால் இந்த நகல் மாறாமல் நிற்பது சரியா? முதல் இரண்டையும் எஞ்சின் பார்த்துக்கொள்ளும், தப்பென்றால் கத்தும். கடைசி இரண்டையும் எந்த எஞ்சினும் பார்க்காது. அதற்குத்தான் நம்மைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளப் போகிறார்கள் (கிடைத்தால்!).

பின் பெஞ்ச் நண்பனுக்கு: ஆமாம்டா, இதற்கு ஒரு யூனிட் தேவைதான். பதினாறு மார்க் கேள்வி வந்தால் எனக்கு ஒரு பரோட்டா வாங்கிக் கொடு.